குடையில்லா வழிப்போக்கன்

கண்ணுக்குத் தெரியாத பொருளை அளப்பது எப்படி? பௌதிக வகுப்பில் மாணவர்கள் நம்மை அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காற்றும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் அது கிளையை அசைத்துத் தன்னைக் காட்டிக் கொள்கிறது. அணுக் கருவினுள் உறையும் நியூட்ரான் என்னும் துகளோ இவ்விஷயத்தில் காற்றையும் மிஞ்சியது. அதன் உடன்பிறப்பான புரோட்டான் மின்சாரம் ஏறியது. ஆகையால் செல்லும் வழியெல்லாம் எலெக்ட்ரான்களைக் கிளறித் தடம் பதித்துச் செல்லும். நியூட்ரானுக்கு மின்சாரம் கிடையாது. அது எதன்மீதாவது மோதும் வரையில் அப்படி ஒன்று வந்ததாகவே நமக்குத் தெரியாது.

ஆகவே மோதலைக் கொண்டுதான் அதைக் கண்டுபிடித்தார்கள். 1930-ல் ஜெர்மனியில் போத்தேயும் பெக்கரும் பெரிலியம் என்ற உலோகத்தை ஆல்பாத் துகள்களால் தாக்கியபோது, அதிலிருந்து ஊடுருவும் தன்மை மிகுந்த ஏதோ ஒன்று வெளிப்பட்டது. 1932-ன் தொடக்கத்தில் பாரிஸில் ஐரீன் கியூரியும் அவருடைய கணவர் ஜோலியோவும், அது பாரஃபின் மெழுகிலிருந்து புரோட்டான்களை வெளியே தள்ளுவதைக் கண்டனர். காமாக் கிரணமே இதற்குக் காரணம் என்று எண்ணினர். அவ்வாண்டு பிப்ரவரியில் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக், அதே கிரணம் ஹைட்ரஜனை எவ்வளவு வேகத்துடன் தள்ளுகிறது, நைட்ரஜனை எவ்வளவு வேகத்துடன் தள்ளுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். காமாக் கிரணம் என்று கொண்டால் கணக்கு உதைத்தது. புரோட்டானுக்கு ஏறக்குறைய நிகரான எடையுள்ள, மின்சாரமற்ற துகள் என்று கொண்டால் நேராயிற்று. 1935-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி, இத்துகள் அதிவேகத்தில் செல்லும்போது என்ன செய்கிறது? கலிபோர்னியாவில் பெர்க்லி நகரில் லாரென்ஸ் அமைத்த 184 அங்குல சைக்ளோட்ரான் 1946-ல் வேலை செய்யத் தொடங்கியது. ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் இணைந்த டியூட்டெரான்களை அது 19 கோடி எலெக்ட்ரான்-வோல்ட் சக்தி வரை விரட்டியது. அவை பெரிலியத் தகட்டில் பட்டதும், இரட்டையரில் புரோட்டான் மோதி விலக, நியூட்ரான் மட்டும் சுமார் 9 கோடி எலெக்ட்ரான்-வோல்ட் சக்தியுடன் முன்னே ஓடியது. அதன் வேகம் ஒளியின் வேகத்தில் ஐந்தில் இரண்டு பங்கு!

அளக்கும் முறை எளிது. வழியில் ஒன்றும் வைக்காமல் வந்து சேரும் நியூட்ரான்களை முதலில் எண்ண வேண்டும். பின்னர் ஈயக் கட்டியை நடுவில் வைத்து எண்ண வேண்டும். குறைந்துபோனவை ஈயத்தின் அணுக் கருக்களால் தடுக்கப்பட்டவை. கட்டியில் எத்தனை கருக்கள் உண்டு என்பது தெரிந்ததே. ஆகவே ஒவ்வொரு கருவும் நியூட்ரானின் வழியை எவ்வளவு பரப்புக்கு மறிக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். இப்பரப்பின் அலகுக்கு 'பார்ன்' என்று பெயர். ஆங்கிலத்தில் அது தானியக் கொட்டாரத்தைக் குறிக்கும். ஒரு சதுர சென்டிமீட்டரை ஆயிரம் கோடி கோடி கோடிக் கூறுகளாக்கினால் கிடைக்கும் ஒரு கூறுதான் அக் கொட்டாரம்! 1942-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர் வேடிக்கையாக இட்ட பெயர் நிலைத்துவிட்டது.

புரோட்டானைத் தனியே கட்டியாக வைக்க இயலாது. நம் இல்லத்தரசிகள் நெய்யைப் பாத்திரத்தோடு நிறுத்துப் பாத்திரத்தின் எடையைக் கழிப்பதில்லையா? அந்த யுக்திதான் இங்கும். கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருளை வைத்து ஒரு முறை, தனிக் கரியை வைத்து ஒரு முறை அளந்து கழித்தால், மிஞ்சுவது ஹைட்ரஜன், அதாவது புரோட்டான்.

பெர்க்லியில் கண்ட விடை என்ன? கரியின் கரு அரை பார்னுக்குச் சற்று மேலாகவும், ஈயத்தின் கரு சுமார் நாலரை பார்ன் அளவும் மறித்தன. ஈயக் கருவில் கரியினுடையதைப் போல் பதினேழு மடங்கு துகள்கள் உண்டு. அவை ஒவ்வொன்றும் தனித்தனியே மறித்தால் பரப்பும் பதினேழு மடங்காக வேண்டும். கரு கருங்கல் உருண்டையைப் போல் கெட்டியாயின் ஏழு மடங்கு கூட வராது. கண்டதோ எட்டு மடங்கு. அதாவது அதிவேக நியூட்ரானுக்கு அணுக் கரு முழுச் சுவரன்று. மெல்லிய திரை போன்றது. சில நியூட்ரான்கள் அதனூடே தீண்டாமல் கடந்துவிடுகின்றன!

இதைவிட விசித்திரம் புரோட்டானோடு நேரும் மோதலில் வெளிப்பட்டது. இவ்வளவு வேகத்தில் வரும் நியூட்ரான் பெரும்பாலும் உராய்ந்து சற்றே விலகி முன்னே போக வேண்டும். புரோட்டான் மெல்ல ஒதுங்க வேண்டும். பல மோதல்கள் அப்படியே நிகழ்ந்தன. ஆனால் வேறு பலவற்றில், வந்த வேகம் அத்தனையும் கொண்டு முன்னே பாய்ந்தது புரோட்டான்! தெருவில் குடையின்றி ஓடி வரும் ஒருவன், நின்று கொண்டிருப்பவனின் குடையைப் பறித்துக்கொண்டு ஓட்டம் குறையாமல் செல்வதாக வைத்துக் கொள்வோம். குடையை மட்டுமே காணக்கூடியவனுக்கு, நின்றிருந்தவனே திடீரென்று ஓடத் தொடங்கியதாகத் தோன்றும். இங்கே குடை என்பது மின்சாரம். நியூட்ரானும் புரோட்டானும் மின்சாரத்தைக் கைமாற்றிக் கொள்கின்றன. மெஸான் என்னும் துகளைக் கொண்டும் கொடுத்துமே அணுக் கருவின் உறுப்புகள் பிணைந்துள்ளன என்று 1935-ல் ஜப்பானியர் யுகாவா கூறிய கொள்கைக்கு இது பெரிதும் இசைந்தது.

இவை ஏட்டுக் கணக்கு மட்டுமே என்று நேயர்கள் எண்ண வேண்டாம். வானக் கதிர்கள் காற்று மண்டலத்தைத் தாக்குவதால் இத்தகைய நியூட்ரான்கள் நம் தலைக்கு மேல் ஓயாமல் உண்டாகின்றன. உயரப் பறக்கும் விமானத்தின் சிப்பந்திகள் பெறும் கதிர்வீச்சில் இவற்றுக்குக் கணிசமான பங்கு உண்டு; கணினிகளின் நினைவில் பிழை விளைவிப்பவற்றுள் இவையும் உண்டு. இவற்றை எண்ண வேண்டுமானால், ஹைட்ரஜன் அடங்கிய மெல்லிய தகட்டை வைத்து அதிலிருந்து தெறிக்கும் புரோட்டான்களை எண்ணுவது ஒரு தலையாய வழி. ஆகவே நியூட்ரான் புரோட்டான்மீது மோதும் அளவே ஏனைய அளவுகளுக்கெல்லாம் முழக்கோல். கோல் நூற்றுக்கு ஐந்து பிசகினால், அதைக் கொண்டு அளந்த யாவும் அவ்வளவு பிசகும். அதனால்தான் ஜெனீவாவின் ஸெர்ன் நிலையத்தில் 2001 முதல், சுமார் 185 மீட்டர் நீளமுள்ள குழாயில் நியூட்ரான்களை ஓடவிட்டு, ஓடும் நேரத்தால் அவற்றின் சக்தியை அறிந்து, அளவுகளைச் செப்பம் செய்து வருகிறார்கள். துணிக்கடையில் முழக்கோல் சரியா என்று பார்த்து வாங்கும் நமக்கு, அவர்களது கவலை புரியாமல் போகாது.