கட்டில் தின்ற தசை

காய்ச்சலும் மூச்சிரைப்பும் கண்ட எழுபது வயது முதியவர் ஒருவர், வீட்டு வாசற்படிகளைத் தாமே இறங்கி, தாமே ஆட்டோவில் ஏறித் திருவனந்தபுரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்கிறார். பத்து நாளில் நுரையீரல் தெளிகிறது. இரத்தப் பரிசோதனை முடிவுகள் சீராகின்றன. குணமடைந்தார் என்று எழுதிய தாளோடு வீடு திரும்புகிறார். அதே வாசற்படிகளில் இப்போது அவரை இரண்டு பேர் தூக்கி ஏற்ற வேண்டியிருக்கிறது. ஒரு மாதம் கழிந்தும் கழிவறைக்குத் தனியே போக அவரால் இயலவில்லை. “வயசாச்சே” என்கிறார்கள் உறவினர்கள். மருத்துவரும் அதையே சற்று நாகரிகமான சொற்களில் சொல்கிறார். களியக்காவிளை எல்லைக்கு இப்பால் நெய்யாற்றின்கரையிலும் அப்பால் மார்த்தாண்டத்திலும் இத்தகைய முதியவர் இல்லாத தெரு அரிது. அவரைக் கிடத்தியது வயது என்பது பொய். பத்து நாளில் எவருக்கும் பத்து வயது கூடிவிடுவதில்லை.

கூடாதது வயது, குறைந்தது தசை. இது நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியுமன்று. படுக்கையின் அபாயங்களைப் பற்றி ரிச்சர்ட் ஆஷர் என்னும் ஆங்கிலேய மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியது 1947-இல். 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துச் சோதித்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மீண்டும் சோதித்தபோது, அவர்களது உழைப்புத் திறனை முப்பது ஆண்டு முதுமை குறைத்ததைக் காட்டிலும் அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது தெரிந்தது.

நோய்தான் தசையைக் கரைக்கிறது, படுக்கையைப் பழிப்பானேன் என்று கேட்போர் 2007-ஆம் ஆண்டின் ஆய்வொன்றை அறிய வேண்டும். அதில் பங்குகொண்ட முதியோரின் சராசரி வயது 67. நோயேதும் இல்லை, பரிந்துரைக்கப்பட்ட அளவு புரதம் உணவில் இருந்தது. பத்து நாள் படுத்தார்கள், அவ்வளவே. கால்களிலிருந்து மட்டும் கொழுப்பு நீங்கலான எடை ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்தது. முழங்காலை நீட்டும் வலிமை சுமார் 15 விழுக்காடு போனது. படுத்திருக்கும் தசை புதிய புரதம் கட்டுவதைக் குறைத்துக்கொள்கிறது. இதன்மேல் நோயும் சேர்ந்தால், அழற்சியை எதிர்கொள்ள உடல் தன் தசையையே உடைத்து அமினோ அமிலங்களை எடுத்துச் செலவழிக்கிறது. வரவு குறைந்த வேளையில் செலவு பெருகுகிறது. இலண்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 63 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவு, பத்தே நாளில் அவர்களது முன்தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு 17.7 விழுக்காடு சுருங்கியதைக் காட்டிற்று.

இந்திய உடலுக்குக் கையிருப்பே குறைவு. ஒல்லியாகத் தோன்றினும் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருப்பது இந்திய உடல் என்பதைப் புனேயின் மருத்துவ ஆய்வாளர் சி.எஸ். யாஜ்னிக் பல்லாண்டுகளாகக் காட்டிவருகிறார். குறைந்த முதலோடு நுழைபவரிடம் ஒரு கிலோவை எடுத்துக்கொண்டால் மிஞ்சுவதைக் கொண்டு அவர் நாற்காலியிலிருந்து எழ முடியாது.

போதாக்குறைக்குக் கஞ்சி. நோயாளிக்குக் கஞ்சியே உகந்தது என்னும் நம்பிக்கை தமிழருக்கும் மலையாளிக்கும் பொதுச் சொத்து. ஐம்பது கிராம் அரிசியில் காய்ச்சிய கஞ்சியில் புரதம் நான்கு கிராம் அளவே. நோயுற்ற முதியவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் 2013-இல் கூடி வகுத்த அளவு. ஐம்பது கிலோ மனிதருக்கு அது குறைந்தது அறுபது கிராம். கஞ்சியும் பிரெட்டும் கட்டன்சாயாவும் ஆரஞ்சுச் சுளையும் அந்தக் கணக்கில் கால்வாசியைக்கூட எட்டா. கஞ்சியோடு சேரும் பயறு, நாளுக்கு இரண்டு முட்டை, தயிர், மீன் ஆகியவற்றை மருத்துவர் விலக்காதபோதும் “பத்தியம்” என்று விலக்குவது வீடுதான். (சிறுநீரகம் பழுதானோர்க்குக் கணக்கு வேறு, அதை அவர்களது மருத்துவரே சொல்ல வேண்டும்.)

இத்தனையும் நிகழ்வது எந்த நகரில் என்பதையும் நினைக்க வேண்டும். 1990 டிசம்பர் 6 அன்று, முற்றிலும் இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட செயற்கை இதய வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது இந்தத் திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரத் திருநாள் நிறுவனத்தில். எம்.எஸ். வலியத்தான் தலைமையிலான குழு தோல்விமேல் தோல்வி கண்டு உருவாக்கிய அந்த வால்வு ஆண்டுக்கு மூன்றரைக் கோடி முறைக்கு மேல் திறந்து மூடியாக வேண்டும். அத்தகைய ஒன்றைச் செய்துகாட்டிய நகரம், கட்டிலிலிருந்து ஒரு மனிதரை நாளுக்கு நான்கு முறை எழுப்பி உட்காரவைப்பதை இயலாத காரியமென்று சொன்னால் யார் நம்புவது?

காரணங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, விழுந்துவிட்டால்? நேர்மையான அச்சம்தான். வார்டில் நோயாளி விழுந்தால் செவிலியர் விளக்கம் எழுத வேண்டும், உறவினர் கூச்சலிடுவார்கள், மறுநாள் செய்தியும் ஆகலாம். ஆனால் தொடையில் கரைந்துபோன ஒரு கிலோவுக்கு எவரும் விளக்கம் எழுதுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் விபத்தைத் தவிர்க்கக் கண்ணுக்குத் தெரியாத விபத்தை நாள்தோறும் நடத்துகிறார்கள். அந்த முதியவர் பின்னர் வீட்டுக் குளியலறையில் விழும்போது அது மருத்துவமனையின் கணக்கில் சேராது. தேவை தீர்ந்த பின்னும் எடுக்கப்படாத சிறுநீர்க் குழாயும், மாத்திரை விழுங்கக் கூடியவருக்கும் தொடரும் டிரிப்ஸும் இந்த அச்சத்தின் பிள்ளைகளே. கால்விலங்குக்கும் அவற்றுக்கும் உள்ள வேறுபாடு மிகக் குறைவு.

இரண்டாவது காரணம், மிகையான முயற்சி தீங்கு செய்யும் என்பது. இதில் உண்மை உண்டு. அதை மறைப்பது அறிவுக்கு நேர்மையன்று. பக்கவாதம் கண்ட 24 மணி நேரத்துக்குள் நோயாளிகளைத் தீவிரமாக எழுப்பி இயக்கிய பெரும் ஆய்வொன்றில், வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட அவர்களது முடிவு சற்று மோசமாகவே இருந்தது. அது 2015-இல் வெளிவந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கூடுதல் இயக்கம் கூடுதல் பலன் தரவில்லை என 2022-இல் மற்றோர் ஆய்வு காட்டியது. ஆனால் அவ்வாய்வுகள் அளவு மீறிய இயக்கத்தைத்தான் கேள்விக்குள்ளாக்கின. காய்ச்சல் தணிந்து, இரத்த அழுத்தம் நிலைத்து, பொது வார்டில் கூரையைப் பார்த்துக் கிடப்பவரை அப்படியே கிடத்தி வைக்க அவை எவருக்கும் உரிமை தரவில்லை. ஸ்பெயினின் பாம்பலோனாவில் சராசரி 87 வயதுடைய 370 உள்நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. வழக்கமான கவனிப்பைப் பெற்றோர், அன்றாடச் செயல்களுக்கான நூறு மதிப்பெண் அளவுகோலில் ஐந்து மதிப்பெண் இழந்து வீடு திரும்பினர். நாளுக்கு இருமுறை உடற்பயிற்சி செய்தோர் இழக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு மதிப்பெண் கூடப் பெற்றனர். எண்பத்தேழு வயதில்!

மூன்றாவது, ஆள் இல்லை என்பது. கூட்டம் உண்மை. கட்டில் கிடைக்காமல் தரையில் பாய் விரித்துப் படுக்கும் நோயாளிகளைப் பற்றிய செய்தி கேரள நாளிதழ்களுக்குப் புதிதன்று. வார்டுக்கு ஓர் இயன்முறை மருத்துவர் என்பதும் கனவே. ஆனால் ஐரோப்பிய மருத்துவமனைகளில் இல்லாத ஒருவர் இங்கே ஒவ்வொரு கட்டிலருகிலும் இரவும் பகலும் இருக்கிறார். கேரள மருத்துவமனைகளில் அவருக்குப் பெயர் ‘பைஸ்டாண்டர்’. ஆங்கிலத்தில் வேடிக்கை பார்ப்பவர் என்று பொருள்படும் அச்சொல்லை நோயாளியின் மகளுக்கும் மருமகனுக்கும் சூட்டியவர் யாரோ, சூட்டிய பெயருக்கேற்பவே அவர்களை வைத்திருக்கிறார்கள். மருந்துக் கடைக்கு ஓடுவதும், பரிசோதனை முடிவுக்கு வரிசையில் நிற்பதும், கஞ்சி வாங்கி வருவதும் அவர் வேலை. நோயாளியை எப்படிப் பிடித்து எழுப்புவது, எப்போது நிறுத்துவது என்று அவருக்குக் கால் மணி நேரம் கற்றுக்கொடுப்பார் இல்லை. ஆகவே அவர் தமக்குத் தெரிந்த அன்பைச் செய்கிறார்: கிடந்தபடியே ஊட்டுகிறார், எழ முனைந்தால் “பேசாம படுங்கப்பா” என்று அதட்டுகிறார்.

மூன்று வேளை உணவையும் நாற்காலியில் அமர்ந்து உண்ணுதல். மருத்துவர் அனுமதித்த நாள் முதல் கழிவறைக்கு நடந்தே போதல். கட்டில் விளிம்பிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர்தல், அதை நாளுக்கு மூன்று தடவை செய்தல். தலைசுற்றினால் நிறுத்துதல். இதற்கு எந்தக் கருவியும் வேண்டா. கட்டிலருகே கைப்பிடி வைத்த ஒரு நாற்காலியும் வழுக்காத தரையும் வேண்டும்.

கேரளம் 2008-இலேயே வலிதணிப்புக்கும் ஆதரவுச் சிகிச்சைக்கும் தனிக் கொள்கை வகுத்த மாநிலம். படுத்த படுக்கையானவர்களின் வீடு தேடிச் செவிலியர் செல்லும் ஏற்பாட்டை உலகம் பாராட்டுகிறது, பாராட்டத் தக்கதுதான். ஆனால் ஒரு கையால் படுக்கையில் தள்ளி மறு கையால் படுக்கைப்புண்ணுக்கு மருந்திடுவதைக் கருணை என்பதா? 2021-இல் இம்மாநில மக்களில் அறுபதைக் கடந்தோர் 16.5 விழுக்காடு என்பது ஒன்றிய அரசின் கணிப்பு, இந்தியாவிலேயே மிகுதி. அடுத்து நிற்பது 13.6 விழுக்காட்டோடு தமிழ்நாடு.

நாளுக்குப் பலமுறை வெப்பநிலை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு எல்லாம் ஏடுகளில் ஏறுகின்றன. கெண்டைக்காலின் சுற்றளவை அளக்கத் தையற்காரரின் நாடா போதும். ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஐயுற வேண்டும் என்பது ஆசிய வல்லுநர் குழு 2019-இல் வகுத்த வரம்பு. கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து அமர 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கால் நலிந்திருக்கிறது என்பதும் அக்குழுவின் கணக்கே. இவ்விரண்டையும் சேரும் நாளிலும் போகும் நாளிலும் அளந்து டிஸ்சார்ஜ் தாளில் பக்கத்துக்குப் பக்கமாக எழுத அரசாணை ஒன்று போதும். முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் இடையே என்ன நடந்தது என்று அந்த மகளும் மருமகனும் அப்போது கேட்பார்கள்.