வெட்டினால் போகாது கருவேலம்

தோட்டத்து வரப்போரம் மண்டிய சீமைக் கருவேலத்தை ஆள்விட்டு வெட்டியதும் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். தரையோடு அறுத்த அடிக்கட்டை அடுத்த மழைக்கே கொத்தாகத் துளிர்க்கும். ஒரு தண்டு நின்ற இடத்தில் பல தண்டுகள் முள்ளோடு நிற்கும். 2017இல் கருவேலத்தை அகற்றச் சொன்ன உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டி ஊர் ஊராக வெட்டினோம். வேர் தங்கிய இடங்களில் மீண்டும் தழைத்தது. ஆகவே மண் ஈரமாக இருக்கும்போது வேர்க்கட்டையோடு தோண்டியெடுப்பதே தீர்வு.

செலவில்லாத வேலி, விறகும் கரியும் தரும் மரம், அதை ஏன் அழிப்பது என்று கேட்பது நியாயமே. இராமநாதபுரத்தில் பல குடும்பங்களுக்குக் கரிமூட்டம்தான் சோறு போடுகிறது. ஆனால் தரிசில் கரிக்காக விடுவது வேறு. பயிரின் ஈரத்தை உறிஞ்ச வரப்பில் விடுவது வேறு. குருவிகள் கூடிழக்கும் என்ற கவலைக்கும் வழி உண்டு: கூடு கட்டும் காலத்தைத் தவிர்த்து, பகுதி பகுதியாக அகற்றி, உடனுக்குடன் கிளுவை, நொச்சிப் போத்துகளை ஊன்றலாம். கொங்கு நாட்டுக் கொறங்காடுகள் எனும் மேய்ச்சல் நிலங்களைத் தலைமுறைகளாகக் காப்பது கிளுவை வேலிதான். வெற்றிடம் விட்டால் ஆடுமாட்டுச் சாணத்தில் வரும் விதையே அதை நிரப்பிவிடும். வேரை எடுங்கள், அன்றே கிளுவையை நடுங்கள்.