முதலில் மதிப்பெண் பட்டியல், பிறகு வீடியோ

2024 ஜூலையில் நடந்த மேஜர் லீக் பேஸ்பால் டிராஃப்டில் முதல் பெயராக வந்தவர் டிராவிஸ் பஸானா. கிளீவ்லாண்ட் கார்டியன்ஸ் அணி தேர்ந்தெடுத்த இவர் சிட்னியில் வளர்ந்தவர். சிறுவயதில் கிரிக்கெட்டும் ஆடியவர். டிராஃப்டில் ஆஸ்திரேலியர் ஒருவருக்கு முதலிடம் கிடைத்தது அதுவே முதல் முறை. அங்கே அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கல்லூரி அணி. அமெரிக்காவுக்கு வெளியே பதின்வயதினருக்கு பேஸ்பால் கற்றுத்தரும் பயிற்சியாளர்களிடம் பெற்றோர் கேட்பதும் இந்தப் பாதையைப் பற்றித்தான்: எங்கள் பிள்ளை கல்லூரிக்காரர்கள் கண்ணில் படுவது எப்படி?

நல்ல வீடியோ எடுங்கள், ஷோகேஸ் முகாமுக்கு அனுப்புங்கள் என்பதே வழக்கமான பதில். இவ்விதழின் கருத்தில் அவை இரண்டும் பின்னால் வரவேண்டியவை. வெளிநாட்டு மாணவரின் மின்னஞ்சலைத் திறக்கும் கல்லூரிப் பயிற்சியாளருக்கு மூன்று சந்தேகங்கள் எழும். இந்தப் பையனின் திறமை உண்மையா? இவனுக்குச் சேர்க்கையும் ஆடும் தகுதியும் கிடைக்குமா? படிப்புச் செலவை யார் ஏற்பார்? உள்ளூர் மாணவன் என்றால் காரில் போய் ஓர் ஆட்டம் பார்த்து முதல் சந்தேகத்தையாவது தீர்த்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் இருப்பவனைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் காகிதமும் திரையும்தான் தீர்க்கவேண்டும்.

எனவே படிப்பிலிருந்து தொடங்குவதே முறை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் ஆட 16 மையப் பாடங்களை முடித்திருக்க வேண்டும், அவற்றில் 4.0 அளவுகோலில் குறைந்தது 2.3 சராசரி வேண்டும். இரண்டாம் பிரிவுக்கு 2.2. கணக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. பதினொன்றாம் வகுப்பில் ஆலோசகரைத் தேடி வரும் குடும்பம் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணைத் திருத்த முடியாது. எந்த நாட்டின் எந்தச் சான்றிதழ் ஏற்கப்படும் என்பதை நாடுவாரியாகச் சொல்லும் கையேட்டை என்.சி.ஏ.ஏ. வெளியிடுகிறது. அதைப் படிக்காமல் மாணவருக்கு வழிகாட்ட இறங்குவது பொறுப்பற்ற செயல். மூலமொழிச் சான்றிதழோடு அங்கீகரிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பையும் தயாராக வைத்திருக்க வேண்டும். தொழில்முறை அணியின் எந்தக் காகிதத்தில் கையெழுத்திடும் முன்பும் தகுதி விதிகளைக் கேட்டுத் தெளிவது கட்டாயம்.

அடுத்தது அளவுகள். பிட்சர் என்றால் வேகம், கேட்சர் என்றால் பந்தைப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து சேர்க்கும் நேரம், மற்றவர்களுக்கு 60 கஜ ஓட்டமும் மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகமும். முதல் பிரிவுப் பயிற்சியாளர்கள் மணிக்கு 90 மைலை ஒட்டிய பந்துவீச்சையும், 7 நொடிக்குள் முடியும் ஓட்டத்தையும், 2 நொடியை ஒட்டிய கேட்சர் எறிதலையும் கவனிப்பார்கள். டிராக்மேன் அல்லது ராப்சோடோ கருவியில் பதிவான எண்ணுக்கு மதிப்பு உண்டு. அப்பாவின் கைக்கடிகாரம் காட்டிய எண்ணுக்கு இல்லை. வீடியோவில் பின்னணி இசை வேண்டாம், மெதுவோட்டக் காட்சிகளும் வேண்டாம். சிறந்த பந்துகளை முதல் அரை நிமிடத்தில் வையுங்கள். வெட்டாமல் எடுத்த ஓர் ஆட்டத்தின் பதிவையும் இணைப்பாகத் தாருங்கள். தவறிய பந்துகளும் இருக்கும் முழுப் பதிவு நம்பிக்கையைக் கூட்டும்.

கடிதத்தை மாணவரே எழுதட்டும். பயிற்சியாளர் தனியாக எழுதும் சிபாரிசில் குறையையும் மறைக்கக் கூடாது. ஒருமுறை மிகைப்படுத்தியவரின் அடுத்த மாணவரை யாரும் பார்க்கமாட்டார்கள். பதில் வராவிட்டால் அதற்கு விதியும் காரணமாக இருக்கலாம். 2023-இல் வந்த மாற்றத்தின்படி, பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை முதல் பிரிவு பேஸ்பால் பயிற்சியாளர்கள் மாணவரோடு தொடர்புகொள்ளக் கூடாது.

முதல் பிரிவு மட்டுமே கனவாக இருப்பதுதான் பெரிய தடை. ஒசாகாவில் பிறந்த ரிகூ நிஷிடாவின் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். ஜப்பானில் பள்ளிப் படிப்பை முடித்து, ஓரிகனில் உள்ள மவுண்ட் ஹுட் சமுதாயக் கல்லூரி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஆடிக் காட்டி ஓரிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்; 2023 டிராஃப்டின் 11-ஆம் சுற்றில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அவரை எடுத்தது. அமெரிக்க மண்ணில், அமெரிக்கப் பந்துவீச்சுக்கு எதிராக ஆடும்போது முதல் சந்தேகம் தானாகத் தீர்கிறது. நம்மவர்கள் இந்தப் பாதையை இன்னும் போதுமான அளவு பரிந்துரைப்பதில்லை.

பணத்திலும் நேர்மையான பேச்சு தேவை. முதல் பிரிவு அணி ஒன்றுக்கு நீண்டகாலம் 11.7 முழு உதவித்தொகைகளே அனுமதி. அதை 27 பேர் வரை பங்கிட்டார்கள். கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது குறித்து 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஹவுஸ் வழக்கு உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு நீங்கிவிட்டது. பதிலாக அணிக்கு 34 பேர் என்ற வரம்பு வந்தது. முன்பு 40 பேர் வரை இருந்த இடம் அது. வேறு கல்லூரிகளிலிருந்து மாறிவரும் அனுபவசாலிகளோடும் புதியவர் போட்டியிட வேண்டும். வெளிநாட்டு மாணவருக்கு அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே இல்லை, ஆனால் எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்றவை வெளிநாட்டு மாணவருக்கும் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவுகின்றன. படிப்பில் முன்னணியில் இருக்கும் மாணவருக்கு, கால்பங்கு உதவி தரும் பெரிய பெயர்களைவிட இவை மலிவாக முடியலாம்.

ஜப்பானியப் பள்ளி வீரர் ரிண்டாரோ சசாகி ஸ்டான்ஃபோர்டுக்குப் போனதை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். பள்ளி ஆட்டங்களில் 140 ஹோம் ரன்கள் அடித்தவர் அவர். ஷோஹெய் ஓத்தானியைப் பயிற்றுவித்த ஹிரோஷி சசாகியின் மகன் என்பதால் அவரை யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவரை அளவுகோலாக வைத்து மற்ற பிள்ளைகளுக்கு ஆசைகாட்டுவது தவறு. எஃப்-1 விசாவில் படிப்பவர் விளம்பர வருமானம் ஈட்டுவதில் சட்டச் சிக்கல் உண்டு என்பதையும் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும்.

பெரும் தொகை வாங்கிக்கொண்டு ‘இடம் உறுதி’ என்று சொல்லும் முகவர்களிடமிருந்து குடும்பங்களைக் காப்பதும் நம் வேலைதான். சேர்க்கையைத் தீர்மானிப்பது கல்லூரி. அதை வெளியாள் எவரும் விற்க முடியாது. உங்கள் அணியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் மதிப்பெண் பட்டியலை இந்த வாரமே வாங்கிப் பாருங்கள். 16 பாடங்களில் எவை விடுபடுகின்றன என்று குறித்து, பெற்றோரை அழைத்துப் பேசுங்கள்.