'திடீர்னு வந்துடுச்சு'ன்னு இனிமே சொல்லாதீங்க!

"நல்லாத்தான் இருந்தார், திடீர்னு கேன்சர் வந்துடுச்சு." இதை நீங்களும் எங்கேயாவது கேட்டிருப்பீங்க. பெருங்குடல் புற்றுநோயைப் பொறுத்தவரை அந்தத் 'திடீர்' என்ற சொல்லைத் தூக்கிப் போட வேண்டும் என்பது என் கட்சி.

1990-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எரிக் ஃபியரன், பெர்ட் வோகல்ஸ்டைன் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். வோகல்ஸ்டைன் முதலில் படித்தது கணிதம், நம்ம ஆளுதான்! குடலின் உட்சுவரில் இருக்கும் சாதாரண செல் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை, மரபணு மாற்றங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து படிப்படியாகத்தான் புற்றாகிறது என்பதே அதன் சாரம்.

அந்தப் படிகளைப் பாருங்க. பெரும்பாலும் முதலில் பழுதாவது ஏபிசி மரபணு. செல் பெருக்கத்துக்கு அது ஒரு பிரேக். அது போனதும் 'பாலிப்' என்ற சின்னக் கட்டி முளைக்கிறது. அடுத்தது கேராஸ். இது ஆக்ஸிலரேட்டர், மாற்றம் வந்தால் அழுத்தினபடியே சிக்கிக்கொள்ளும். பாலிப் வளரும். பிறகு டிபி53. சேதமான செல்லைத் தடுத்து நிறுத்தும் காவலாளி இது. அதுவும் போனால் கட்டி புற்றாக மாற வழி திறந்துவிடும். எல்லோருக்கும் இதே வரிசைதான் என்றில்லை. ஆனால் பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம்.

பத்து வருஷம்! எந்த சிஸ்டம் பழுதாவதற்கு முன்னால் நமக்கு இவ்வளவு டைம் கொடுக்கும்? கொலோனோஸ்கோபி செய்யும்போதே பெரும்பாலான பாலிப்பை வெட்டி எடுத்துவிடலாம். அந்த வாய்ப்பை நாம் வெட்கத்தால் தொலைக்கிறோம். மலத்தில் ரத்தம் வந்தால் "சூடு, மூலமாத்தான் இருக்கும்" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மூலமாகவே இருக்கட்டும், அதை டாக்டர் சொல்லட்டுமே!

"நமக்கு இருபது வயசுதானே, இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனால் சிலர் பிறக்கும்போதே முதல் படியில் கால் வைத்துவிடுகிறார்கள். ஏபிசி மரபணுவின் ஒரு பிரதி பழுதாகவே பிறப்பவர்களுக்குப் பதின்ம வயதிலேயே நூற்றுக்கணக்கில் பாலிப் வரலாம். லின்ச் சிண்ட்ரோம் என்று இன்னொன்று. டிஎன்ஏ நகலெடுக்கும்போது வரும் பிழைகளைத் திருத்துகிற மரபணுவே அதில் பழுது. பிழைகள் வேகமாகச் சேரும். இரண்டிலுமே, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு 50 சதவீத வாய்ப்பு.

அதனால ஒரு வேலை செய்யுங்க. அடுத்த முறை வீட்டுக்குப் போன் பேசும்போது, "நம்ம குடும்பத்துல யாருக்காவது குடல் கேன்சர் இருந்துச்சா? எந்த வயசுல?" என்று கேளுங்க. ஆமாம் என்று பதில் வந்தால் பயப்படாதீங்க. எப்போதிலிருந்து பரிசோதனை செய்யணும்னு டாக்டரிடம் கேளுங்க. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி சொல்லத் தயங்குவாங்க. நீங்க தயங்காதீங்க.