வீக்கம் வடிந்தால் நோய் நீங்கிவிட்டதா?

காலையில் கண்விழிக்கும் குழந்தையின் இமைகள் உப்பியிருக்கும். மாலைக்குள் அது வடிந்துவிடும். பூச்சிக்கடி என்றோ ஒவ்வாமை என்றோ எண்ணிக் கண்ணுக்குச் சொட்டுமருந்து இடுவோர் பலர். கால்களும் வயிறும் வீங்கிய பின்னரே சிறுநீரில் புரதம் வெளியேறுவது தெரியவருகிறது. பெரும்பாலும் 2 முதல் 6 வயதுக்குள் தொடங்கும் இந்நோய்க்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்று பெயர்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. கழிவை வெளியேற்றிப் புரதத்தை இரத்தத்திலேயே நிறுத்துவது அவற்றின் பணி. அத்தடுப்புத் தளர்ந்தால் புரதம் கசியும். உடலில் நீர் தேங்கும். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிரெட்னிசோலோன் மாத்திரை நல்ல பலன் தருகிறது. சில வாரங்களில் வீக்கம் வடிந்துவிடுகிறது.

இடர் தொடங்குவதும் அங்கேதான். 'ஸ்டீராய்டு' என்ற சொல்லுக்கு அஞ்சியும், குழந்தையின் முகம் பருப்பதைக் கண்டு கலங்கியும், பெற்றோர் சிலர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. மிகுபசி, முகப்பருமன், எரிச்சல் ஆகியவை உண்மையான பக்கவிளைவுகளே. மருந்தளவு குறையக் குறைய அவை பெரும்பாலும் மறையும். ஆனால் மாத்திரை உண்ணும் காலத்தில் உடல் தன் இயற்கைச் சுரப்பைக் குறைத்துக்கொள்வதால், திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். முதன்முறை நோய் கண்டவர்களுக்கு நாள்தோறும் 6 வாரம், பின்னர் ஒருநாள் விட்டு ஒருநாள் 6 வாரம் என்பது வழக்கமான முறை. அதை முழுமையாக முடிக்க வேண்டும்.

எங்கள் கருத்தில், இந்நோய்க்கு வீட்டில் இருக்க வேண்டிய முதன்மையான கருவி ஒரு நோட்டுப் புத்தகம். காலையில் கழிக்கும் முதல் சிறுநீரைப் பரிசோதனைப் பட்டையால் சோதித்து, அளவைத் தேதியிட்டுக் குறித்துவையுங்கள். தொடர்ந்து 3 நாட்கள் '3+' என வந்தால் நோய் மீண்டுவிட்டது என்று பொருள். வீக்கம் தோன்றும்வரை காத்திராமல் வாருங்கள். காய்ச்சலோடு வயிற்றுவலியும் இருந்தால் அன்றே வாருங்கள். எந்தத் தடுப்பூசிக்கு முன்பும் குழந்தை உண்ணும் மாத்திரையைத் தெரிவியுங்கள்.

வீக்கம் உள்ளபோது உப்பைக் குறைத்தால் போதும். பருப்பையும் பாலையும் முட்டையையும் விலக்கும் கடும்பத்தியம் வேண்டாம். பள்ளியையும் விளையாட்டையும் தடுக்க வேண்டியதில்லை.

நோய் மீள்வது பெரும்பாலோருக்கு நேர்வதே. அது பெற்றோரின் குறையன்று. மாத்திரைக்குக் குணம் காணும் இக்குழந்தைகளுள் பெரும்பாலோர், வளர வளர நோய் மீள்வது குறைந்து, நலமான சிறுநீரகங்களோடு வாழ்கின்றனர். அடுத்த முறை வரும்போது நோட்டுப் புத்தகத்தையும் மறவாமல் எடுத்துவாருங்கள்.