மாலைக்கண் என்று விட்டுவிடலாமா? விழித்திரைப் படம் சொல்லும் சேதி

இருட்டியதும் தடுமாறுகிறவருக்கு மாலைக்கண் என்று பெயர் வைத்து, முருங்கைக்கீரையும் காரட்டும் கொடுப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். வைட்டமின் ஏ குறைவுதான் காரணம் என்றால் அது பலன் தரும். ஆனால் ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் இருட்டில் பார்வை மங்குகிறது, பக்கவாட்டில் வருகிறவர்மேல் மோதிக்கொள்கிறார்கள் என்றால் சந்தேகம் வேறு பக்கம் போகவேண்டும். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரைச் சிதைவு நோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

இதில் ஏமாற்றுவது நடுப்பார்வை. அது பல ஆண்டுகள் நன்றாகவே இருக்கும். பகலில் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படித்துவிடுவார். அதே ஆள் செம்பனைக் காட்டு வழியே இரவில் மோட்டார் சைக்கிளில் வந்தால், ஓரமாக நடப்பவரைப் பார்க்கமாட்டார்.

உலக அளவில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, 40 வயதைக் கடந்தவர்களில் கிராமப்புறத்தில் 372 பேரில் ஒருவருக்கும் நகர்ப்புறத்தில் 930 பேரில் ஒருவருக்கும் இருப்பதாகச் சொன்னது. சொந்தத்தில் பெண் எடுப்பது இதற்கு ஒரு காரணம். கணவன் மனைவி இருவரும் ஒரே பழுதுபட்ட மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நம் நாட்டின் 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம்கூட, தாய்மாமனை மணக்கும் வழக்கத்துக்கு இந்துக்களுக்கு மட்டும் விலக்கு வைத்திருக்கிறது. அதற்காக யாரையும் குற்றவாளி ஆக்க வேண்டியதில்லை. சொந்தத்தில் மணக்காத குடும்பங்களிலும் இந்நோய் வருகிறது.

மருந்து இல்லாத நோய்க்கு ஆண்டுதோறும் எதற்குப் படம் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் 'மருந்து இல்லை' என்பது முழு உண்மை அல்ல.

ஓ.சி.டி. என்ற கருவி 1991-இல் அமெரிக்காவில் அறிமுகமானது. கண்ணைத் தொடாமல், வலியில்லாமல், ஒளியைக் கொண்டு விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்கே வெட்டினாற்போல் காட்டும். ஒளியை உணரும் செல்கள் உயிரோடிருக்கும் இடம் அதில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். நோய் முற்ற முற்ற அந்தக் கோடு இரண்டு ஓரங்களிலிருந்தும் குறுகும். ஒரே ஒரு படத்தில் இது முழுதாகப் புரியாது. போன ஆண்டுப் படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் எவ்வளவு வேகம் என்று தெரியும். கருவிக்குக் கருவி அளவு மாறும் என்பதால், முடிந்தவரை ஒரே மருத்துவமனைக்குப் போவது நல்லது.

அதே படம் இன்னொன்றையும் காட்டும். இந்நோய் உள்ள சிலருக்கு விழித்திரையின் நடுவில் நீர் கோத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் நடுப்பார்வையும் மங்கும்போது, 'நோய் முற்றிவிட்டது' என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். சொட்டு மருந்தாலோ மாத்திரையாலோ பலருக்கு அந்த நீர் வற்றும். கண்புரை வந்திருந்தால் அறுவை சிகிச்சை உண்டு.

மரபணு சிகிச்சையும் வந்துவிட்டது. அமெரிக்கா 2017 டிசம்பரில் அனுமதித்த லக்ஸ்டெர்னா, ஆர்.பி.இ.65 என்ற ஒரே மரபணுப் பழுதுக்கு மட்டுமானது. இரு கண்களுக்கும் சேர்த்து 850,000 அமெரிக்க டாலர் என்று விலை வைத்தார்கள். தோட்டத்துக் குடும்பம் நினைத்துப் பார்க்கிற தொகையல்ல. இருந்தாலும் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது: விழித்திரையில் உயிருள்ள செல்கள் போதுமான அளவு இருந்தால்தான் அந்த ஊசியே போடுவார்கள். அதைக் காட்டுவதும் இந்தப் படம்தான்.

இனிப்பு நீர் நோயாளிகளுக்கு அரசாங்க கிளினிக்கில் விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள். அதில் ஒன்றும் இல்லை என்றதும் கண் முழுக்க நலம் என்று நினைத்துவிடக் கூடாது. பரம்பரைச் சிதைவு ஆரம்பத்தில் சாதாரணப் படத்தில் தெரியாமல் போகலாம். 'இருட்டில் தெரியவில்லை, கூடப்பிறந்தவருக்கும் அப்படித்தான்' என்று வாய்விட்டுச் சொல்லி, கண் நிபுணரிடம் அனுப்பும் கடிதம் கேட்கவேண்டும்.

செர்காமிலிருந்து மலாக்கா நகர் மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து. அதனால் ஒருவர் போகும் நாளிலேயே உடன்பிறந்தவர்களையும் காட்ட முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவைக்கலாம். படத்தின் நகலையும் கேட்டு வாங்கிக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகும் பிள்ளைக்கு, அங்கே பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது பழைய படத்தைத்தான்.