முடவாட்டுக்கால் சூப்பும் அம்மாவின் முட்டியும்

பொட்டி தட்டி நான் சம்பாதிச்ச சொத்து ஒரு முதுகுவலி. அம்மாவுக்கு முட்டிவலி. ரெண்டையும் தூக்கிக்கிட்டு போன மாசம் சேலத்துலேர்ந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போனோம்.

ஏரிப் பக்கம் இறங்கினதுமே முடவாட்டுக்கால் சூப். தெரியாதவங்களுக்கு: பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்ற ஒரு பெரணியோட கிழங்கு அது. மேலெல்லாம் பழுப்பு ரோமம், பார்க்க ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். தோலைச் சீவி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு கொதிக்க வைப்பாங்க. சுத்த சைவம்தான், நம்புங்க. அந்தக் குளிருக்கு அமிர்தம். நான் ரெண்டு கப். அம்மா ஒரு கப் குடிச்சிட்டு ஒன்றரை கிலோ கிழங்கையும் வாங்கிட்டாங்க.

மூணு நாளும் சேர்வராயன் கோயில், பகோடா பாயின்ட்னு நடந்துக்கிட்டே இருந்தோம். ரெண்டு பேருக்கும் வலி குறைஞ்சது. அம்மா கணக்குல அது சூப்போட மகிமை. என் கணக்குல மூணு நாள் நாற்காலியில உட்காராத மகிமை.

வம்பு வீட்டுக்கு வந்தப்புறம்தான். உட்கார்ந்தபடி காலை நீட்டி பத்து எண்ணுற பயிற்சி ஒண்ணு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்திருந்தார். அதை நிறுத்திட்டாங்க. "அதான் கிழங்கு குடிக்கிறேனேடா!"

நான் சூப்புக்கு எதிரி இல்லை. எலிகளுக்கு இந்தக் கிழங்கு வீக்கத்தைக் குறைக்குதுன்னு ஆய்வுகள் இருக்கு. ஆனா எலியோட வீக்கம் வேற, அறுபது வயசு மூட்டுத் தேய்மானம் வேற. தொடைத் தசை பலமானா முட்டி மேல விழுற பாரம் குறையும். அந்த வேலையை எந்தக் கிழங்கும் செய்யாது. நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயும் உடற்பயிற்சி, மசாஜ் எல்லாம் இருக்கு. வேண்டாம்னு சொன்ன பட்டியல்ல இழுவை சிகிச்சையும் இடுப்பு பெல்ட்டும். (ஹி ஹி, என் பெல்ட் பீரோவுல பத்திரமா இருக்கு.)

ஒண்ணு மட்டும். கால் மரத்துப்போறது, பலமிழக்குறது, சிறுநீர் அடக்க முடியாம போறது இதெல்லாம் வந்தா சூப்பும் வேணாம், நடையும் வேணாம், நேரா டாக்டர்கிட்ட ஓடுங்க.

இப்போ வீட்டுல ஒப்பந்தம்: பயிற்சி முடிஞ்சாதான் சூப்பு. அம்மா ஒத்துக்கிட்டாங்க. ஆனா பதிலுக்கு, நான் மணிக்கொரு தரம் எழுந்திருக்கிறேனான்னு சமையல்கட்டுலேர்ந்து குரல் வருது.